முளைக்குமா என்று கேட்டார்

1

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. இங்கே கனடாவில் மரங்கள் இலை கொட்டி முடிந்துவிட்ட நேரம். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"தனம், கொல்லையில தைலங்கன்னு வச்சாச்சுடி."

"எத்தன ஏக்கர்லக்கா?"

"மூணுலயும்தான். கம்பெனிக்காரங்களே மிஷின் கொண்டாந்து குழி போட்டு, அவங்களே நட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே எனக்கு அங்க ஒரு வேலயும் கெடையாது. வளந்ததும் அவங்களே வந்து வெட்டிக்குவாங்களாம்."

நான் சுரண்டுவதை நிறுத்தினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். "சரிக்கா, நல்லது" என்றேன். "ம்" என்றாள். மழை பெய்கிற சத்தம் போனில் கேட்டது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தைல மரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் போதும். ஒரு காலத்தில் சோளமும் வரகும் கடலையும் நின்ற இடங்களில் வெள்ளை மரங்கள் வரிசையாக நிற்கும். காகிதத்துக்குப் போகிற மரம். அதன் நிழலில் ஆடு மேயவும் ஒன்றும் இருக்காது.

அன்று வழக்கம்போல் வேலைக்குப் போனேன். நான் ஒரு பெரிய மளிகைக் கடையில் காய்கறிப் பகுதியில் இருக்கிறேன். கனடா வந்து பதினேழு வருடம், அதில் பதினொரு வருடம் இந்தக் கடையில். காலையில் கடை திறக்குமுன் அடிபட்ட ஆப்பிள், வளைந்த கேரட், ஓரம் வாடிய கீரை எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பச்சைத் தொட்டியில் போட வேண்டும். அன்றைக்கு மக்காச்சோளக் கதிர்கள் இருந்தன. நுனி சற்றுக் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பெட்டியையும் தொட்டியில் கவிழ்த்தேன். என் அக்கா பதினைந்து வருடம் மக்காச்சோளம் விளைவித்தவள். அந்த மூன்று ஏக்கரில் இனி எதுவும் விளையப் போவதில்லை. அதில் என் பங்கு என்ன என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் ஊர் வாலிகண்டபுரத்திலிருந்து உள்ளே போக வேண்டும். ஊரின் பெயரைச் சொல்லவில்லை, அக்காவுக்குச் சங்கடம். அவள் பெயர் அஞ்சலை. என்னைவிட எட்டு வயது பெரியவள். ஏழாவதோடு நின்றுவிட்டாள். நான் பெரம்பலூரில் கல்லூரிவரை போனேன். அவள் நின்றதால்தான் நான் போக முடிந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும்தான்.

உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு மூன்று ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. வருடா வருடம் மக்காச்சோளம். அறுத்து அடித்ததும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும், நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்கு. வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசி. தங்கள் கொல்லையில் விளைந்ததில் ஒரு கைப்பிடியை அவர்கள் தின்றதில்லை. இதில் வினோதம் ஒன்றும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது. குருத்துக்குள் புகுந்து தின்கிற புழு. மாமா முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு வாரம் தவறாமல் மருந்து அடித்தார். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒருநாள் வரப்பிலேயே வாந்தி எடுத்து விழுந்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மறுவருடம் நெஞ்சு வலியில் இறந்துபோனார். மருந்துதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அக்கா அப்படித்தான் நம்பினாள். நானும்.

நான் சாவுக்குப் போக முடியவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணல் தேதிக்குக் காத்திருந்த சமயம், அதைத் தவறவிட வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். அந்தக் குற்ற உணர்ச்சியை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. எங்கள் கடையில் மருந்தில்லாமல் விளைந்தவற்றுக்கென்று தனி அலமாரி உண்டு. அதில் இருப்பவற்றின் அட்டைகளைப் படிக்க ஆரம்பித்தேன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் சிறுதானியம் பற்றித் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், மண் பிழைக்கும், மனிதன் பிழைப்பான் என்றார். அரங்கைவிட்டு வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இனிமே அந்த மருந்தக் கையால தொடாத. வரகு போடு, ஊடால துவர போடு. வெளையிறத நீயும் சாப்புடலாம்."

"வரகப் போட்டா யாருடி வாங்குவா?"

"இங்கல்லாம் அதுக்குத் தனி வெல வச்சிருக்கான்க்கா."

"அங்கதானேடி?" என்று சிரித்தாள். பிறகு, "உங்க மாமா போனதுலேருந்து அந்த மருந்து வாடயே எனக்கு ஆகல. ஒரு ஏக்கர்ல போட்டுப் பாப்போம்" என்றாள்.

முதல் வருடம் மழை ஒழுங்காகப் பெய்தது. ஒரு ஏக்கரில் வரகு இடுப்புக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் படம் எடுத்து அனுப்பினாள். கதிர் சாய்ந்த கொல்லையில் அக்கா நிற்கிறாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அந்தப் படத்தைத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் திரையில் போட்டு ஐந்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். மேடையில் நின்று கைத்தட்டல் வாங்குவது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே அக்காவிடம், "அடுத்த போகம் மூணு ஏக்கர்லயும் இதையே போடுக்கா" என்றேன்.

"நீ படிச்சவ. நாலு எடம் பாத்தவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

3

இரண்டாம் வருடம் நடந்ததை நான் அப்போது அறியவில்லை. பின்னால் அக்காவின் மகள் செல்வி சொன்னதையும், அக்காவே துண்டு துண்டாகச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆவணியில் விதைத்ததும் மழை நின்றுவிட்டது. பயிருக்கு முன்னால் களை வந்தது. மக்காச்சோளம் என்றால் ஒருமுறை களைக்கொல்லி அடித்தால் தீர்ந்தது. நான்தான் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேனே. களைக்கு ஆள் கூப்பிட்டால் வரவில்லை, பெண்களெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா ஒருத்தியாகவே மூன்று ஏக்கரிலும் குந்திக் குந்திக் களை எடுத்தாள். ஒரு மூலை முடிந்து மறுமூலைக்குப் போவதற்குள் முதல் மூலையில் மறுபடி முளைத்திருக்கும். புரட்டாசியில் தொடங்கி கார்த்திகைவரை அவள் இடுப்பு நிமிரவில்லை.

மிஞ்சியதை மயில்கள் தின்றன. கூட்டமாக வந்து இறங்குமாம். சேலைகளைக் கிழித்துச் சுற்றிலும் கட்டினாள், அவை பயப்படவில்லை. கடைசியில் கதிர் முற்றி நிற்கும்போது, அறுக்க இரண்டு நாள் இருக்கையில், விடாமல் மழை பெய்தது. பாதிக் கதிர் கறுத்துப்போயிற்று.

நனைந்ததைக் காயவைத்து, மூன்று மூட்டையை மினி வேனில் ஏற்றிக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குப் போனாள். மாமா காலத்திலிருந்தே மக்காச்சோளம் வாங்குகிற பாய் ஒருவர் அங்கே இருக்கிறார். நல்ல மனுஷர். கைநிறைய அள்ளிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, நனஞ்ச வரகும்மா இது. வாடை வருது பாருங்க. இதத் தின்னா தல சுத்தும், வாங்கி எவன் தலையில கட்டுவேன்? மக்காச்சோளம் போட்டிருந்தா வழக்கம்போல லாரிய வுட்டிருப்பேன்ல. யாரு சொல்லி இதப் போட்டீங்க?"

"எந் தங்கச்சிதான் பாய். வெளிநாட்டுல இருக்கு."

"அல்லாவே" என்று மட்டும் சொன்னாராம். டீ வாங்கிக் கொடுத்து, வேனுக்கு வாடகையும் அவரே கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

நனையாமல் தப்பிய வரகையாவது தின்னலாம் என்றால், அதன் தோல் லேசில் போகாது. அதை அரிசியாக்கித் தருகிற மில் எங்கள் பக்கத்தில் எங்கும் இல்லை. திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறதாம், அங்கேயும் ஒரு மூட்டை இரண்டு மூட்டைக்கு மிஷினை ஓட்ட மாட்டார்கள். வேண்டியபோது இரண்டு படி உரலில் குத்தி எடுப்பாள். களை எடுத்த கைக்கு உலக்கை பிடிக்கத் தெம்பு இருந்த நாளில் மட்டும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் கூப்பிட்டு அக்காவிடம் வீடியோவில் பேசினேன். முகத்தை ரொம்பக் கிட்டே வைத்துக்கொள்வாள், பின்னால் வானம்தான் தெரியும். "பயிர் எப்படிக்கா?" என்றால், "நல்லாருக்குடி" என்பாள். அவள் சொன்னதில் இருந்த சோர்வை நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். கவனித்தேன். சிக்னல் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

4

அந்த மார்கழியில்தான் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மகள் பெயர் மதி, அப்போது பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசினால் இடறும். "பெரியம்மா வீடு எங்க இருக்காங்க?" என்பாள். வீட்டுக்கும் மரியாதைப் பன்மை. அக்கா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா இளைத்திருந்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது.

"என்னக்கா இப்படி எளச்சுட்ட?"

"காட்டு வேலடி. உங்க ஊருல இதுக்குக் காசு குடுத்து மிஷின் மேல ஓடுறாங்களாமே" என்றாள்.

பகலில் வரகுச் சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. வரகு போன வருடத்து நல்ல வரகு. இலை போட்டுப் பரிமாறினாள். இலை நிறைய வைத்தாள். நான் முதலில் படம் எடுத்தேன். மூன்று கோணத்தில் எடுத்து, எங்கள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டு, "மருந்து தெளிக்காத மண்ணின் ருசி" என்று எழுதினேன். சாப்பிட்டு எழுமுன் முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மதி கேட்டாள்: "அம்மா, பெரியம்மா ஏன் நம்மகூட சாப்பிடல?"

"நம்ம ஊர்ல அப்படித்தான்டி. பரிமாறுறவங்க கடைசியா சாப்பிடுவாங்க."

"கடைசியாவும் சாப்பிடல. நான் பாத்தேன். பானைல தண்ணி ஊத்தி அதக் குடிச்சாங்க."

"அது நீராகாரம். உடம்புக்கு நல்லது" என்றேன். என் மகளுக்கு எங்கள் பண்பாட்டை விளக்கிவிட்டதாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பத்து நாள் அங்கே இருந்தோம். பத்து நாளும் அவள் எங்களுக்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.

கிளம்புகிற அன்று ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்தாள். இரண்டு கிலோ இருக்கும். வாயைச் சணலால் கட்டியிருந்தாள்.

"வெத வரகுடி. போன வருசத்துக் கதிருல நல்லதாப் பொறுக்கி உருவுனது. நீ கொண்டுபோ."

"எனக்கு எதுக்குக்கா? அங்க பனியில என்னத்தப் போட?"

"போடச் சொல்லல. பத்தரமா வச்சிரு. ஆடிக்குள்ள யாராச்சும் இங்கிட்டு வந்தா குடுத்து வுடு."

"இங்கயே வச்சுக்க வேண்டியதுதானே."

"இங்க இருந்தா குத்தித் தின்னுபுடுவேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

5

டொராண்டோ விமான நிலையத்தில் இறங்கியதும், கொண்டுவந்திருப்பதை அறிவிக்கிற திரையில் உணவுப்பொருள் உண்டு என்று அழுத்தினேன். மறைக்கக் கூடாது என்பது என் கணவரின் கண்டிப்பு. தனி வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம்பெண் அதிகாரி. பார்த்தால் பஞ்சாபிக் குடும்பத்துப் பெண் மாதிரி இருந்தாள். சிரித்த முகம். ஊறுகாயை விட்டாள், மிளகாய்ப்பொடியை விட்டாள். துணிப்பையை அவிழ்த்துக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

"இது என்ன?"

வரகுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. "சிறுதானியம். எங்கள் நிலத்தில் விளைந்தது" என்றேன்.

"தோல் எடுக்கவில்லையே. சாப்பிடவா, விதைக்கவா?"

மதி பக்கத்தில் நின்று என் கையை அழுத்தினாள். "சாப்பாடுன்னு சொல்லும்மா" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

நான் யோசித்தேன். அந்தப் பெண் பொறுமையாக வேறு விதமாகக் கேட்டாள்: "இதை மண்ணில் போட்டால் முளைக்குமா?"

இங்கே பதினாறு வருடத்தில் யாரும் என்னிடம் எனக்குப் பெருமையான ஒரு கேள்வி கேட்டதில்லை. "முளைக்கும்" என்றேன். "இன்றைக்குப் போட்டாலும் முளைக்கும். ஒரு மணிகூடப் பழுதில்லை. என் அக்கா கையால் பொறுக்கியது."

அவள் முகத்தில் சிரிப்பு போயிற்று. கோபம் இல்லை, வருத்தம் மாதிரி ஒன்று. விதை என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், பூச்சியும் நோயும் உள்ளே வந்துவிடும் என்று விளக்கினாள். சட்டம் சரிதான், அதை நான் இன்றைக்கும் குறை சொல்லவில்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். பையை அப்படியே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

"என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"எரித்துவிடுவோம், மேடம்."

காரில் வரும்போது மதி அழுதாள். "சாப்பாடுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "விதைதானே, அக்காகிட்ட வேற இருக்கும்" என்று அவளைச் சமாதானப்படுத்தினேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

6

சித்திரையில் ஒருநாள், கடையில் இடைவேளை நேரத்தில், செல்வியிடமிருந்து போன் வந்தது. செல்வி அக்காவின் ஒரே மகள், திருமானூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள்.

"சித்தி, அம்மா வுழுந்துருச்சு. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில போட்டுருக்கோம்."

நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில், ஏரிக்கரையில் மண் சட்டியோடு விழுந்திருக்கிறாள். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். எழுந்திருக்கவில்லை.

"என்னாச்சாம்? பிரஷரா?"

"பிரஷர் இல்ல, சுகர் இல்ல. ரத்தமே இல்லங்குறாங்க. டாக்டரம்மா என்னயப் புடிச்சுத் திட்டுது. 'ஒங்கம்மாவுக்கு ஒரு வேள சோறு போட மாட்டியா நீ'ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுச்சு சித்தி."

மெதுவாகத்தான் எல்லாம் தெரிந்தது. அக்காவின் வீட்டில் விற்க ஒன்றும் இல்லாமல் போனது மட்டுமில்லை, ரேஷன் அரிசியும் பல மாதமாக வரவில்லை. ரேஷன் கடையில் விரலை வைத்தால்தான் பில் வரும். மூன்று மாதம் குந்திக் களை பறித்ததில் அவள் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. பத்து விரலையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"மிஷின் ஒத்துக்க மாட்டேங்குதும்மா. நான் என்ன பண்ண? ஆதார்ல ரேகையப் புதுப்பிச்சுட்டு வாங்க" என்றாராம் கடைக்காரர்.

புதுப்பிக்கப் பெரம்பலூருக்கு இரண்டு முறை பஸ்ஸில் போனாள். அங்கேயும் ரேகை விழவில்லை. "கொஞ்ச நாளு தேங்காண்ணெ தேச்சுட்டு, வேல செய்யாம இருந்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேலை செய்யாமல் எப்படி இருப்பது? மூன்றாம் முறை போகவில்லை.

நான் அனுப்பிய பணம் என்ன ஆயிற்று என்று செல்வியிடம் கேட்டேன். ஊருக்கு வருகிற வங்கிக்காரரும் விரலைத்தான் கேட்கிறார் சித்தி என்றாள். பணமும் நூறு நாள் கூலியும் அப்படியே வங்கியில் கிடந்தன. பெரம்பலூர்க் கிளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. செல்வியிடம் சொன்னால் மாப்பிள்ளை வீட்டில் கேவலம். என்னிடம் சொன்னால், நான் சொல்லித்தானே எல்லாம் செய்தாள்.

காலையில் ஒன்றும் கிடையாது. பகலில் வேலை நடக்கும் இடத்தில் பிறர் கொடுத்தால் ஏதாவது. சாயங்காலம் ஒரு கை நொய்யரிசிக் கஞ்சி. தை பிறந்ததிலிருந்து நான்கு மாதம் அப்படித்தான். நாங்கள் இருந்த பத்து நாளுக்கு அரிசியும் கருவாடும் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அன்று இடைவேளை முடிந்து போனேன். தொட்டி நிரம்பியிருந்தது. வாழைப்பழம், தோலில் புள்ளி விழுந்தது, மேலேயே கிடந்தது. மேற்பார்வையாளர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆங்கிலத்தில், "என் அக்கா பசியில் விழுந்துவிட்டாள்" என்று சொல்லத் தெரிந்தது, சொல்ல முடியவில்லை. தலைவலி என்றேன்.

7

செல்வி அவளைத் திருமானூருக்கு அழைத்துப்போய் இரண்டு மாதம் வைத்துக்கொண்டாள். அங்கே கொள்ளிடத்துத் தண்ணீர், நெல்லும் கரும்புமாகப் பச்சை. "இங்க வெளையிறதப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுதுடி" என்று அக்கா சொன்னாள். சம்பந்தி வீட்டுச் சோறு என்று நினைத்தாளோ என்னவோ, ஆனி கடைசியில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். நான் மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் பேசி மாதாமாதம் சாமான் போய்ச் சேர ஏற்பாடு செய்தேன். இதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆடி பிறந்ததும் ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். குரலில் கொஞ்சம் தெம்பு.

"தனம், அந்த வெத வரக யாருகிட்டயாச்சும் குடுத்து வுடுடி. ஒரு ஏக்கர் மட்டும் போட்டுப் பாக்குறேன்."

கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இருக்குல்ல?"

"இல்லக்கா. ஏர்போர்ட்டுலயே வாங்கிட்டாங்க."

"எதுக்கு?"

"வெத கொண்டு வரக் கூடாதாம். முளைக்குமான்னு கேட்டாங்க. முளைக்கும்னு சொல்லிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"வாங்கி என்னடி பண்ணாங்க? அவங்க போட்டுக்கிட்டாங்களா?"

"எரிச்சுடுவாங்களாம்."

"தின்னாமயா?" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலிலேயே சொன்னாள்:

"மாசியில ஒருநாளு கஞ்சிக்குக்கூட ஒண்ணுமில்ல. அந்த வரகு மட்டும் இங்க இருந்திருந்தா அன்னிக்கே ஒலையில போட்டுருப்பேன். நல்ல வேள அது தங்கச்சிகிட்ட பத்தரமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தேன்."

"வேற வெத வாங்கிக்கலாம்க்கா. நான் விசாரிக்கிறேன். கவர்மெண்டுல குடுக்குறாங்க. யாராவது..."

"கெடைக்கும்டி. வெத எங்க வேணா கெடைக்கும்." மூச்சு வாங்கினாள். "எனக்கு முடியல. அதான். அது ஒண்ணு பாக்கி இருந்துச்சேன்னுதான் ஆசப்பட்டேன். சரி வுடு."

"என்னாலதானேக்கா எல்லாம்."

"நீ சொன்னதுல என்னடி தப்பு? மருந்து கெடுதல்தான். வரகு நல்லதுதான். களை எடுக்க ஆளு வேணும், குத்த மில்லு வேணும், வாங்க ஒருத்தன் வேணும். அதெல்லாம் இல்லாம நான் ஒருத்தி வெத்துக் கையோட நல்லதச் செய்யப் போயிட்டேன்."

அடுத்த மாதம் தைலங்கன்று வைக்கிறவர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாம் முன்பே கொடுத்துவிட்டார்கள். நடுவில் இவளுடைய மூன்று ஏக்கர்தான் பாக்கி. கட்டைவிரல் வைக்கச் சொன்னார்களா என்று கேட்டேன். "இல்ல, கையெழுத்துதான். ஏழாவது படிச்சுருக்கேன்ல" என்றாள்.

8

தமிழ்ச் சங்கத்தில் இந்தப் பொங்கலுக்கும் சிறுதானியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். போன முறை காட்டிய படத்தையே காட்டினாலும் போதும் என்றார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டேன். என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டார்கள். யாரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தீர்களா, இயற்கை விவசாயம் எல்லாம் பேச்சுக்குத்தான் சரி என்று ஒரு பக்கம் சொல்வார்கள். உங்கள் அக்கா சரியாகச் செய்யவில்லை, இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். இரண்டையும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நேற்று சனிக்கிழமை. நானும் மதியும் சமையலறையில் இருந்தோம். அக்கா கூப்பிட்டாள். போனை மேடையில் சாய்த்து வைத்தேன். பல மாதத்துக்குப் பிறகு முகத்தைத் தள்ளி வைத்துப் பேசினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. வாய்கொள்ளாச் சிரிப்பு.

"தனம், ரேகை வுழுந்துருச்சுடி!"

"என்னக்கா?"

"மிஷின்லடி. இன்னிக்குப் போயி சும்மா வச்சுப் பாத்தேன். மொத தடவையே பச்ச லைட்டு எரிஞ்சுருச்சு. கடைக்காரரே 'என்னம்மா மாயம் பண்ணீங்க'ன்னு கேக்குறாரு. ஒண்ணும் பண்ணல. கொல்லைக்குத்தான் போறதில்லயே. கை தானா ஆறிருச்சு."

வலது கையை விரித்து போனுக்கு நேரே காட்டினாள். விரல் நுனிகளில் வெடிப்பு ஒன்றுகூட இல்லை.

மதி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, பெரியம்மா மறுபடி விழுந்துட்டாங்களா?"

"இல்லடி. கை ரேகை விழுந்திருக்கு."

"விழுந்துச்சுன்னா கெட்டதுதானே?"

நான் போனைக் கையில் எடுத்தேன்.

"பாப்பா என்ன கேக்குது?" என்றாள் அக்கா.

"நல்லதா, கெட்டதான்னு கேக்குறாக்கா."

"நல்லதுன்னு சொல்லுடி" என்றாள். "பெரியம்மாவுக்கு அரிசி போட்டுட்டாங்கன்னு சொல்லு."